‘இன்னும் பொறு’: முட்டைக்குழியமும் அதைச் சூழ்ந்த கலங்களும் பேசிக்கொள்வது

“பதினாலு முட்டை எடுத்தவை அக்கா. பத்துத்தான் முத்தினதாம். மற்ற நாலும் ஏன் முத்தேல்லை?”

கொழும்பில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குப் போய்வந்த வீடுகளில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழும். ‘சிலது அப்படித்தான்’ என்பது வழக்கமான பதில். அது பிழையில்லை, ஆனால் ஒன்றையும் விளக்காத பதில். அந்த நாலு முட்டையும் பழுதானவை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ‘இன்னும் பொறு’ என்ற சொல் அவற்றின் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அவை பொறுத்திருந்தன, அவ்வளவுதான்.

யார் அப்படிச் சொல்கிறார்கள், எந்த வழியால் சொல்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. உயர்தர உயிரியல் படித்தவர்களுக்குக் கிராபியன் புடைப்பின், அதாவது சூலகத்தில் முட்டை வளரும் பையின், படம் ஞாபகம் இருக்கும்: நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி முத்துமாலை மாதிரிச் சில கலங்கள், மிச்சமெல்லாம் பாய்பொருள் நிறைந்த குழி. பகுதிகளுக்குப் பெயரிட்டால் புள்ளி கிடைக்கும். அந்த முத்துமாலைக் கலங்கள் என்ன செய்கின்றன என்று வினாத்தாளில் யாரும் கேட்பதில்லை.

அளவுகளிலிருந்து தொடங்கலாம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய முட்டைக்குழியங்கள் முதலாம் ஒடுக்கற்பிரிவின் முன்னவத்தையில் நின்றுபோயிருக்கும். அந்த நிலையில் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 35 மைக்ரோமீற்றர். சுற்றிவர ஒரே ஒரு படை தட்டைக் கலங்கள். வளர்ந்து முடியும்போது விட்டம் 110 தொடக்கம் 120 மைக்ரோமீற்றர். விட்டத்தில் மூன்று மடங்குக்குச் சற்று மேல் என்றால் கனவளவில் 30 தொடக்கம் 40 மடங்கு. இவ்வளவு வளர்ந்தும் கரு அதே இடத்தில்தான் நிற்கும், பிரிவு ஒரு அடியும் முன்னேறாது. சிலருக்கு 15 வருடம், சிலருக்கு 45 வருடம்.

வளரும் காலத்தில் முட்டை ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. தன்னைச் சுற்றிக் கிளைக்கோபுரதத்தால் ஒரு மதில் கட்டுகிறது. அதுதான் சோனா பெலூசிடா. மனித முட்டையில் அதன் தடிப்பு 15 தொடக்கம் 20 மைக்ரோமீற்றர். தனக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தனக்கும் நடுவில் தானே மதில் எழுப்பினால் என்ன ஆகும்? சுற்றியுள்ள கலங்கள் மதிலை ஊடறுத்து மெல்லிய விரல்களை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு விரலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. உள்ளே முதுகெலும்பாக அக்ரின் இழைகள், சிலவற்றில் மட்டும் நுண்புன்குழாய்கள். இவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் இன்னும் நிலைக்கவில்லை. இங்கே நுண்விரல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மதில் எழும்பும்போது ஏற்கெனவே ஒட்டியிருந்த இடங்கள் இழுபட்டு நீண்டதால்தான் நுண்விரல் வந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஹியூ கிளார்க் குழு 2018இல் அதைத் திருத்தியது. சுண்டெலியில் முட்டை வளர வளரப் புதிய விரல்கள் வெளியிலிருந்து முளைத்து உள்ளே வருகின்றன, அவற்றை முளைக்கச் சொல்வதும் முட்டைதான் என்று காட்டியது. முட்டை சுரக்கும் ஜிடிஎஃப்9 என்ற புரதத்தைக் குறைத்தால் விரல்களும் குறைந்தன. வயதான சுண்டெலிகளின் முட்டைகளிலும் விரல் குறைவு. வயதோடு முட்டையின் தரம் இறங்குவதற்கு நிறமூர்த்தம் மட்டுமே காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்த வேலையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

விரலின் நுனி முட்டையின் மென்சவ்வைத் தொடும் இடத்தில் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. கடெரின் புரதங்கள் ஒட்டிப் பிடிக்கின்றன. பக்கத்திலேயே இடைவெளிச் சந்தி அமைகிறது. பாடப்புத்தகத்தில் வரும் அதே சந்திதான்: ஆறு கொனெக்சின் சேர்ந்து அரைக்குழாய், இரண்டு பக்கத்து அரைக்குழாய்கள் பொருந்தி முழுக்குழாய். சுண்டெலியில் முட்டைக்கும் சுற்றுக் கலங்களுக்கும் நடுவிலான சந்தி கொனெக்சின் 37 ஆலானது. சுற்றுக் கலங்கள் தங்களுக்குள் பயன்படுத்துவது பெரும்பாலும் கொனெக்சின் 43. இந்தப் பிரிவினை சும்மா பெயர் விவரம் இல்லை. கொனெக்சின் 37 இல்லாத சுண்டெலிகளை 1997இல் உருவாக்கிப் பார்த்தபோது பெண் எலிகள் மலடாக இருந்தன. முட்டை பிரிவைத் தொடரும் தகுதியையே எட்டவில்லை. ஓமோன்களும் இரத்த ஓட்டமும் இருந்தும், அந்த ஒரு குழாய் இல்லாததால் எல்லாம் நின்றது.

அந்தக் குழாயால் போகக்கூடியது ஏறத்தாழ 1,000 டால்டனுக்குக் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) குறைந்த மூலக்கூறுகள் மட்டும். இந்த எண்ணை மனதில் வைத்தால் மிச்சக் கதை தானாகப் புரியும். பைருவேற்று 90க்கும் குறைவு, போகும். அமினோ அமிலங்கள் போகும். சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு செய்தி மூலக்கூறு 345, போகும். ஜிடிஎஃப்9 மாதிரிப் புரதம் போகாது, அது வெளியே சுரந்து வாங்கியில் ஒட்டித்தான் பேசவேண்டும். எனவே உள்ளே வரும் பேச்சு பெரும்பாலும் குழாய் வழி, வெளியே போகும் பேச்சு பெரும்பாலும் சுரப்பு வழி.

சாப்பாட்டுப் பகுதியை நீட்டத் தேவையில்லை. முட்டை குளுக்கோசைத் தானே உடைத்துப் பயன்படுத்துவதில் மிக மோசம். சுற்றியுள்ள கியூமுலஸ் கலங்கள், அதாவது அந்த முத்துமாலைக் கலங்கள், அதைப் பைருவேற்று ஆக்கிக் கொடுக்கின்றன. சில அமினோ அமிலங்களும் அவற்றின் வழியேதான் வருகின்றன. கொலஸ்திரோல் ஆக்கும் வேலையையும் சுண்டெலி முட்டை அவற்றிடமே விட்டுவிடுகிறது. மாட்டின் நுண்விரல்களுக்குள் ஆர்என்ஏ இருப்பதையும் 2014இல் கனடாக்காரர்கள் காட்டினார்கள். அதை வைத்து ‘முட்டையின் நினைவைக் கியூமுலஸ் எழுதுகிறது’ என்றெல்லாம் சில தளங்கள் எழுதுவது மிகை.

பொறு என்று சொல்வது யார்

1935இல் பின்கஸ், என்ஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் முயலின் புடைப்பிலிருந்து முட்டையை வெளியே எடுத்துச் சும்மா வளர்ப்பூடகத்தில் விட்டார்கள். ஓமோன் எதுவும் கொடுக்கவில்லை. முட்டை தானாகவே ஒடுக்கற்பிரிவைத் தொடர்ந்தது. அதாவது முட்டைக்கு ‘தொடங்கு’ என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ‘தொடங்காதே’ என்று சொல்கிறவர்களிடமிருந்து அதைப் பிரித்தால் போதும். அந்தத் ‘தொடங்காதே’ எதனால் ஆனது என்று பிடிக்க 75 வருடம் பிடித்தது.

இப்போது தெரிவது இது. முட்டைக்குள் சைக்ளிக் ஏஎம்பி அதிகமாக இருக்கும்வரை பிரிவைத் தொடக்கும் சிடிகே1 என்ற நொதியம் கட்டிப்போடப்பட்டிருக்கும். சைக்ளிக் ஏஎம்பியை முட்டை தானே ஆக்குகிறது. அதன் மென்சவ்வில் உள்ள ஜிபிஆர்3 என்ற வாங்கி அந்த வேலையை ஓயாமல் நடத்துகிறது. ஆனால் அதை உடைக்கும் நொதியமும் அதே முட்டைக்குள் இருக்கிறது: பிடிஈ3ஏ. அந்த நொதியத்தை அடக்குவது சைக்ளிக் ஜிஎம்பி. அது முட்டையின் சொந்தச் சரக்கு இல்லை, கியூமுலஸ் கலங்களிலிருந்து நுண்விரல் வழியாக வருவது.

அதற்குப் பின்னாலும் ஒரு ஆள் உண்டு. புடைப்பின் சுவரிலுள்ள கிரானுலோசா கலங்கள் சிஎன்பி என்ற சிறு பெப்தைட்டைச் சுரக்கின்றன. கியூமுலஸ் கலங்களில் அதற்கான வாங்கி என்பிஆர்2. அது தூண்டப்பட்டால் அங்கே சைக்ளிக் ஜிஎம்பி உண்டாகும். 2010இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் எப்பிக்கின் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது இந்தச் சங்கிலியைத்தான். சுவர் கியூமுலஸிடம் சொல்கிறது, கியூமுலஸ் முட்டையிடம் சொல்கிறது, முட்டை நிற்கிறது.

இனி அந்தச் சொல் எப்படி நிற்கிறது. லூட்டினாக்கும் ஓமோன், சுருக்கமாக எல்எச், மூளையடிச் சுரப்பியிலிருந்து திடீரென்று பாய்கிறது. அதன் வாங்கிகள் இருப்பது புடைப்பின் வெளிச் சுவர்க் கலங்களில். கியூமுலஸிலும் முட்டையிலும் அவை கிட்டத்தட்ட இல்லை. முட்டை தன் வாழ்நாளில் எல்எச்சை நேரடியாகக் ‘கேட்பதே’ இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுவர்க் கலங்களிலும் என்பிஆர்2 உண்டு; எல்எச் வந்ததும் அது செயலிழக்கிறது, அங்கே சைக்ளிக் ஜிஎம்பி விழுகிறது. முழுப் புடைப்பும் சந்திகளால் கோக்கப்பட்டிருப்பதால் உள்ளே இருக்கும் சைக்ளிக் ஜிஎம்பி வெளிப்பக்கமாக வடிகிறது. கிணற்றின் ஓரத்தில் இறைத்தால் நடுவிலும் நீர்மட்டம் இறங்கும்தானே. சுண்டெலிப் புடைப்பில் இதை ஒளிரும் உணரியால் நேரில் அளந்திருக்கிறார்கள்: எல்எச்சுக்கு முன் 2 தொடக்கம் 4 மைக்ரோமோலார், 20 நிமிடத்துக்குள் எங்கும் ஏறத்தாழ 100 நானோமோலார். பிடிஈ3ஏ விடுபடும், சைக்ளிக் ஏஎம்பி உடையும், சிடிகே1 அவிழும். முட்டையின் பெரிய கரு கரைந்துபோகும்.

அதோடு சுவர்க் கலங்கள் அம்பிரெகுலின், எபிரெகுலின், பீற்றாசெலுலின் என்ற புரதங்களை வெளியிட்டுக் கியூமுலஸை எழுப்புகின்றன. கியூமுலஸ் கலங்கள் ஹையலுரோனான் என்ற வழவழப்பான சர்க்கரைச் சங்கிலியைச் சுரந்து வீங்கிப் பரவுகின்றன. பார்க்க வேண்டுமென்றால் பலூடாவில் ஊறிய கசகசாவை எடுத்துப் பாருங்கள்: நடுவில் கரிய மணி, சுற்றிவரக் கண்ணாடிபோல் வழவழக்கும் உறை. விரிந்த கியூமுலஸும் முட்டையும் நுணுக்குக்காட்டியின் கீழ் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த விரிவோடு நுண்விரல்கள் பின்வாங்குகின்றன, குழாய்கள் மூடுகின்றன.

முட்டை திருப்பிச் சொல்வது

இதுவரை படித்தால் முட்டை கட்டளைக்குக் காத்திருக்கும் சின்னப்பிள்ளை மாதிரித் தெரியும். அது அரைவாசி உண்மைதான். ஜிடிஎஃப்9 இல்லாத சுண்டெலியில் புடைப்பு ஒற்றைப் படையைத் தாண்டி வளரவே இல்லை; 1996இல் வந்த முடிவு. செம்மறியில் முட்டை சுரக்கும் இன்னொரு புரதமான பிஎம்பி15இன் பிறழ்வு நியூசிலாந்தின் இன்வர்டேல் மந்தையில் கண்டுபிடிக்கப்பட்டது: ஒரு பிரதி பிறழ்ந்த ஆடு ஒரே தடவையில் கூடுதல் முட்டை விடும், இரண்டு பிரதியும் பிறழ்ந்தது மலடு. இதே பேச்சைக் கேட்கும் வாங்கியில் ஏற்பட்ட வேறொரு பிறழ்வு பூரூலா மெரினோ ஆடுகளை இரட்டை, மூன்றைக் குட்டிகளுக்குப் பேர்போனவை ஆக்கியது. அந்தப் பிறழ்வின் ஊற்று வங்காளத்துச் சுந்தரவனப் பக்கத்துக் கரோல் செம்மறி. அவுஸ்திரேலியப் பெருமைக்குப் பின்னால் வங்காளத்து ஆடு நிற்கிறது.

எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை 2002இல் எப்பிக் குழு செய்தது. பாதி வளர்ந்த சுண்டெலி முட்டைகளை எடுத்து, தொடக்கநிலைப் புடைப்புகளின் கலங்களோடு சேர்த்து வளர்த்தார்கள். கலங்கள் தங்கள் வழமையான வேகத்தில் போகவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தன. புடைப்பின் மணிக்கூடு முட்டையின் கையில் இருக்கிறது. குளுக்கோசை உடைக்கும் நொதியங்களை ஆக்கு என்று கியூமுலஸுக்குச் சொல்வதும் முட்டைதான். தான் சமைக்கத் தெரியாதது, சமையற்காரருக்கு அடுப்பு வாங்கிக் கொடுக்கிறது.

விலங்குக்கு விலங்கு வித்தியாசம் உண்டு, அதைக் கவனிக்காமல் ஒன்றின் முடிவை மற்றதில் பொருத்துவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. சுண்டெலியில் முட்டையின் உள்ளடக்கத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புடைப்பைத் தூண்டும் ஓமோனான எப்எஸ்எச் கொடுத்தால் கியூமுலஸ் விரியாது. அதே ஊடகத்தில் வேறு முட்டைகளை விட்டால் விரியும். பன்றியிலும் மாட்டிலும் முட்டை இல்லாமலே விரியும். ஆகவே மாட்டில் கியூமுலஸ் விரிந்துவிட்டது என்பதை வைத்து ‘முட்டை நன்றாக இருக்கிறது’ என்று முடிவெடுக்காதீர்கள்.

மேசையில்

இதைக் கையால் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு மாட்டுச் சூலகம்தான் மலிவானதும் எளிதானதும். இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போவது. போயா தினங்களில் இறைச்சிக்கூடமும் கடையும் பூட்டு, ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். முதிர்ச்சிக்கு 22 தொடக்கம் 24 மணித்தியாலம் தேவை என்பதால், எடுக்கும் நாளுக்கு அடுத்த நாளும் ஆய்வுகூடம் திறந்திருக்க வேண்டும்.

சூலகங்களை 0.9 வீத உப்புநீரில், பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும் சேர்த்து, சூடுதாங்கும் பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும். வெப்பநிலை 30 தொடக்கம் 35 பாகைக்குள் நிற்கவேண்டும், மூன்று நான்கு மணித்தியாலத்துக்குள் வந்து சேரவேண்டும். ஐஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் வாங்கிய பழக்கம். குளிர்ந்தால் முட்டையின் மென்சவ்வுக் கொழுப்பு இறுகிச் சேதமாகும், அதைத் திருத்த முடியாது. பேஸ்லைன் வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்றாலும் பரவாயில்லை, பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் போதும்.

2 தொடக்கம் 8 மில்லிமீற்றர் புடைப்புகளை 18 கேஜ் ஊசியாலும் 10 மில்லிலீற்றர் சிரிஞ்சாலும் உறிஞ்சுங்கள். மெதுவாக. வேகமாக இழுத்தால் ஊசி வாயில் கியூமுலஸ் உரிந்துபோகும், நீங்கள் படிக்க வந்த தொடர்பாடலே அங்கே முடிந்துவிடும். உறிஞ்சும் கரைசலில் ஹெப்பாரின் மில்லிலீற்றருக்கு 10 அலகு சேர்க்காவிட்டால் இரத்தம் உறைந்து முட்டைகள் கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். பின்னர் தெரிவு: மூன்றுக்கு மேற்பட்ட இறுக்கமான கியூமுலஸ் படைகள், சீரான கருமையான குழியவுரு. அரைவாசி மொட்டையானவற்றையும், கியூமுலஸ் ஏற்கெனவே விரிந்தவற்றையும் வீசுங்கள். விரிந்தது வடிவாகத் தெரியும், ஆனால் அது பெரும்பாலும் சிதைந்துகொண்டிருக்கும் புடைப்பிலிருந்து வந்தது.

ஊடகம் ரிசிஎம்-199, 10 வீதம் கன்றுச் சீரம், 0.2 மில்லிமோலார் சோடியம் பைருவேற்று, எப்எஸ்எச், மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் எஸ்ரடையோல், 50 மைக்ரோகிராம் ஜென்ரமைசின். 50 மைக்ரோலீற்றர்த் துளியில் 10 முட்டை, மேலே கனிய எண்ணெய், 38.5 பாகை, 5 வீதக் காபனீரொட்சைட்டு. துளிகளை இரண்டு மணித்தியாலமாவது முன்னதாக இன்கியூபேட்டரில் வைத்திருக்க வேண்டும்.

ஏன் 10 முட்டை, ஏன் 50 மைக்ரோலீற்றர் என்று கேட்கவேண்டும். ஒரு முட்டைக்கு 5 மைக்ரோலீற்றர் என்ற கணக்கில்தான் அது சுரக்கும் ஜிடிஎஃப்9உம் பிஎம்பி15உம் சுற்றுவட்டாரத்தில் கேட்கும் செறிவில் நிற்கின்றன. அன்று நல்ல முட்டை மூன்றுதான் கிடைத்தது என்று மூன்றையும் அதே 50 மைக்ரோலீற்றரில் போட்டால் பேச்சு தண்ணீரில் கரைந்துபோகும், முதிர்ச்சி வீதம் இறங்கும். துளியைச் சின்னதாக்குங்கள். இதை ஊடகத்தின் பிழை என்று நினைத்துப் புதுப் போத்தல் வாங்கியவர்கள் உண்டு.

சுண்டெலியில் வேலை செய்தால் நேரம் வேறு. 21 தொடக்கம் 24 நாள் வயது எலிக்கு புடைப்பை வளர்க்கும் பிஎம்எஸ்ஜி ஓமோன் 5 அலகு, 44 தொடக்கம் 48 மணித்தியாலம் கழித்து எடுப்பது. முட்டையைப் புடைப்பிலிருந்து பிரித்த ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் கரு கரைந்துவிடும். கரையாமல் பிடித்துவைக்க வேண்டுமென்றால் பிரித்தெடுக்கும் ஊடகத்திலேயே 10 மைக்ரோமோலார் மில்ரினோன் இருக்கவேண்டும். அது பிடிஈ3ஏயை அடக்கி, போய்விட்ட கியூமுலஸின் வேலையைச் செய்கிறது. பிரித்து முடித்துவிட்டுப் பிறகு சேர்ப்போம் என்றால் அதற்குள் பாதி முட்டை புறப்பட்டிருக்கும்.

நுண்விரல்களைப் பார்க்க: 4 வீதப் பராபோமல்டிகைட்டில் 30 நிமிடம், டிரைற்றன் எக்ஸ்-100ஆல் மென்சவ்வைத் துளைத்து, அக்ரினில் ஒட்டி ஒளிரும் ஃபலோய்டினில் ஒரு மணித்தியாலம் இருட்டில். மெதனோலில் பதித்தால் ஃபலோய்டின் ஒட்டாது, வெறும் கறுப்புத்தான் தெரியும். கியூமுலஸின் ஒளி கண்ணைக் கூசினால் பெரும்பகுதியை மெல்லிய பிப்பெட்டால் கழற்றலாம். கழற்றிய பின்னும் சோனாவுக்குள் விரல்களின் அடிக்கட்டைகள் கொஞ்சநேரம் நிற்கும், எனவே கழற்றிய உடனே பதித்துவிடுங்கள். மூடித்துண்டின் நாலு மூலையிலும் வாசலீன் பொட்டு வைக்காவிட்டால் 120 மைக்ரோமீற்றர் உருண்டை தட்டையாகி, எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கொன்போக்கல் நுணுக்குக்காட்டியில் முட்டையின் நடுக்கோட்டு வெட்டை எடுத்து எண்ணுவது வழமை. குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க லூசிபர் மஞ்சள் என்ற ஒளிரும் சாயம்: ஏறத்தாழ 450 டால்டன். முட்டைக்குள் செலுத்தினால் கியூமுலஸுக்கு ஒளி பரவும். பரவாவிட்டால் குழாய் மூடியிருக்கிறது, அல்லது ஊசி மென்சவ்வைக் கிழித்திருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

சிகிச்சை மேசையில்

இனி அந்தப் பதினாலு முட்டைக்கு வரலாம். மனித முட்டைக்கு சுண்டெலியைவிட மிக நீண்ட நேரம், 36 மணித்தியாலம் அளவில், தேவை என்று காட்டியவர் 1965இல் எட்வர்ட்ஸ். 1978இல் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை, 2010இல் நோபல் பரிசு. இன்றும் எச்சிஜி ஊசி போட்டு 34 தொடக்கம் 36 மணித்தியாலத்தில் முட்டை எடுப்பதன் வேர் அதுதான். எச்சிஜி, எல்எச்சின் வாங்கியிலேயே ஒட்டுகிறது. ஊசியை இரவு 10 மணிக்குப் போடச் சொன்னால் 10 மணிதான். விருந்தாளி வந்ததால் 12க்குப் போட்டுவிட்டு மருத்துவமனையில் சொல்லாமல் விட்டால், எடுக்கும் நேரத்தில் சில முட்டைகள் இடைநடுவில் நிற்கும். பிந்தினால் சொல்லிவிடுங்கள், எடுக்கும் நேரத்தைத் தள்ளலாம்.

எல்லா முட்டைக்கும் ஊசி ஒன்றுதான், ஆனால் எல்லாப் புடைப்புக்கும் காது ஒன்றில்லை. 18 தொடக்கம் 20 மில்லிமீற்றர் வளர்ந்த புடைப்பின் சுவரில் எல்எச் வாங்கிகள் நிறைய. 10, 11 மில்லிமீற்றரில் நிற்கும் புடைப்பில் அவை போதாது. அதன் சுவர் எச்சிஜியைச் சரியாகக் கேட்காது, சைக்ளிக் ஜிஎம்பி விழாது, முட்டைக்குப் ‘பொறு’ என்ற சொல் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். அந்த நாலும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்னப் புடைப்புகளிலிருந்து வந்தவை. ஊசிமூலம் விந்தைச் செலுத்தும் நேரத்தில் முதிர்ந்த முட்டை 75 தொடக்கம் 90 வீதம் இருப்பதை குழந்தைப்பேற்றுச் சிகிச்சை ஆய்வுகூடங்களின் தரம் பற்றிய 2017 வியன்னா இணக்கப்பாடு எதிர்பார்க்கிறது. பதினாலில் பத்து என்றால் 71. சற்றுக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை.

முதிர்ந்ததா என்று பார்க்கக் கியூமுலஸைக் கழற்ற வேண்டும். ஹையலுரோனிடேசு மில்லிலீற்றருக்கு 80 அலகு, 30 விநாடி அளவில், உடனே கழுவி, படிப்படியாகச் சிறிய பிப்பெட்டுகளால், கடைசியில் 130 மைக்ரோமீற்றர் அளவு. நொதியத்தில் கூடுதல் நேரம் விட்டால் முட்டைக்கே கேடு. சிறிய பிப்பெட்டை அவசரப்பட்டு எடுத்தால் சோனா வெடிக்கும். மேடைச் சூடு 37 பாகை என்று திரையில் காட்டினாலும் துளிக்குள் அளந்து பாருங்கள். குளிரூட்டி 22இல் ஊதும் அறையில் இரண்டும் ஒன்றாக இராது. சூடு இறங்கினால் நிறமூர்த்தங்களைப் பிடித்திருக்கும் கதிர் சில நிமிடங்களில் குலையும்.

கழற்றியபின் முனைவுடல், அதாவது பிரிவின்போது முட்டை வெளியே தள்ளும் சிறு உருண்டை, தெரிந்தால் முதிர்ந்தது. பெரிய கரு இன்னும் தெரிந்தால் காத்திருந்த முட்டை. அதை அப்படியே ஊடகத்தில் விட்டால் பின்கஸின் முயல் முட்டை செய்ததையே செய்யும்: கியூமுலஸ் இல்லாததால் தானாகப் புறப்படும். அடுத்த நாள் காலை பார்க்கும்போது நாலில் இரண்டு முனைவுடல் காட்டலாம். பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கரு மட்டும் ஓடி முடித்திருக்கிறது. குழியவுரு செய்யவேண்டிய தயாரிப்பு, சாப்பாடும் செய்தியும் வந்த விரல்கள் போனபின் பாதியில் நின்றுவிட்டது. இவற்றிலிருந்து நல்ல முளையம் கிடைப்பது அரிது. ‘காலையில் இரண்டு முத்திவிட்டது’ என்று சொன்னால், அதன் பெறுமதி முதல்நாள் பத்தோடு ஒன்றில்லை என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழையைப் பின்பக்கமாகத் திருத்தும் முறை ஒன்று பிரசல்ஸிலும் வியட்நாமிலும் நடைமுறையில் இருக்கிறது. பல்நீர்க்கட்டிச் சூலகம் உள்ளவர்களுக்குப் பெரிய அளவு ஓமோன் ஊசி ஆபத்தாகலாம், எனவே சின்னப் புடைப்பிலிருந்தே கியூமுலஸோடு முட்டையை எடுக்கிறார்கள். எடுத்ததும் முதிரவிடுவதில்லை. முதல் 24 மணித்தியாலம் 25 நானோமோலார் சிஎன்பி உள்ள ஊடகம்: சுவர் சொல்லவேண்டிய ‘பொறு’வை ஊடகம் சொல்கிறது, குழாய்கள் திறந்தே இருக்கின்றன, குழியவுருவுக்கு ஒரு நாள் அவகாசம். பிறகு அம்பிரெகுலின் கலந்த ஊடகத்துக்கு மாற்றி 30 மணித்தியாலம். கியூமுலஸைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.